அடங்காத பிள்ளையும் நான்கு வசனங்களும்

பைபிளின் ஐந்தாம் புத்தகத்துக்கு உபாகமம் என்று பெயர். கத்தோலிக்கர்கள் இணைச் சட்டம் என்பார்கள். அதன் 21ஆம் அதிகாரத்தில் 18 முதல் 21 வரை நான்கு வசனங்கள் இருக்கின்றன. விஷயம் இதுதான். ஒருவனுக்கு ஒரு மகன். தகப்பன் சொல்லும் கேட்பதில்லை, தாய் சொல்லும் கேட்பதில்லை. கண்டித்தும் பார்த்தாயிற்று, தண்டித்தும் பார்த்தாயிற்று. திருந்தவில்லை. அப்போது தகப்பனும் தாயும் அவனைப் பிடித்து, ஊர் வாசலில் இருக்கும் மூப்பர்களிடம் கொண்டுபோக வேண்டும். இவன் அடங்காதவன், பெருந்தீனிக்காரன், குடிகாரன் என்று முறையிட வேண்டும். ஊர் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து அவன் சாகும்வரை கல்லெறிய வேண்டும். மற்றவர்கள் கேட்டுப் பயப்படுவார்களாம்.

எங்கள் சபையில் வயதானவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து வேதத்தை முதலிலிருந்து வரிசையாக வாசித்து வருகிறோம். பிரசங்கத்துக்கு வருகிற பகுதிகளை மட்டும் வாசித்தால் இந்த நான்கு வசனங்களைச் சந்திக்கவே வேண்டாம். வரிசையாக வாசித்தால் தப்ப முடியாது. அன்றைக்கு வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், வெளிநாட்டில் மகனை வைத்திருப்பவர், "இந்தச் சட்டம் இப்போ இருந்தா நம்ம பசங்க போனையாவது எடுப்பானுக" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. அன்றோடு முடியவில்லை, மூன்று வாரம் நடந்தது.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் எங்களோடு வந்து உட்காருவார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மனைவியைக் கொண்டுவந்து விடுகிற சாக்கில் வருவார். அவர்தான் முதலில் கேட்டார்: "அண்ணாச்சி, வேற ஏதாவது மதத்துப் புஸ்தகத்துல இப்படி இருந்தா நீங்க என்ன சொல்வீங்க? காட்டுமிராண்டித்தனம்னு சொல்வீங்கல்ல? உங்க புஸ்தகத்துல இருந்தா மட்டும் ஏன் மென்னு முழுங்குறீங்க?"

எங்கள் உபதேசியார் பதில் சொன்னார். "சார், அது அந்தக் காலத்துச் சட்டம். அந்தக் காலத்து ஜனங்களை அப்படித்தான் கட்டுப்படுத்த முடியும். இப்போ நாம கிருபையின் காலத்துல இருக்கோம். அது நமக்கில்ல."

இந்த இரண்டு பேரும் என் மதிப்புக்குரியவர்கள். ஆனால் இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் உபதேசியார் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்பது நாம் அடிக்கடி கேட்கிற சமாதானம். அது எந்த அளவுக்கு உண்மை?

பாபிலோனில் ஹமுராபி என்ற ராஜா இருந்தார். அவருடைய சட்டங்கள் செதுக்கிய கருங்கல் தூண் 1901, 1902ஆம் ஆண்டுகளில் சூசா என்ற பழைய நகரத்தில் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தது. இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 1750 வருஷத்துக்கு முந்தியது. அதில் மொத்தம் 282 சட்டங்கள் என்று கணக்கு. தகப்பனை அடித்த மகனின் கையை வெட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. கொடுமைதான். ஆனால் அதே தூணில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு தகப்பன், இவன் எனக்கு மகன் இல்லை, சொத்தில் பங்கு கிடையாது என்று தள்ளிவைக்க நினைத்தால், தானாகச் செய்ய முடியாது. நீதிபதிகளிடம் போக வேண்டும். அவர்கள் விசாரிப்பார்கள். மகன் பெரிய குற்றம் எதுவும் செய்யவில்லை என்றால் தள்ளிவைக்க முடியாது. பெரிய குற்றமே செய்திருந்தாலும் முதல் தடவை மன்னிக்க வேண்டும். இரண்டாம் தடவைதான் தள்ளிவைக்கலாம்.

கவனியுங்கள். அங்கே கடைசித் தண்டனை சொத்தில்லாமல் போவது. இங்கே கல்லெறிந்து சாவு. அப்படியானால் அந்தக் காலத்தில் இதைவிடச் சாந்தமான ஒரு வழி மனிதர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

ஆனால் உபதேசியார் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய ரோமாபுரிச் சட்டத்தில் பிள்ளைகளின் உயிர்மேல் தகப்பனுக்கு அதிகாரம் இருந்தது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. உபாகமச் சட்டம் அப்படி இல்லை. தகப்பன் ஒருவனாகத் தீர்மானிக்க முடியாது. தாயும் கூட வர வேண்டும். இரண்டு பேரும் மூப்பர்களிடம் போக வேண்டும். வீட்டுக்குள் கோபத்தில் நடக்கக்கூடிய கொலையை வீட்டு வாசலிலேயே தடுத்து, ஊர் வாசலுக்குக் கொண்டுபோகிறது அந்தச் சட்டம். ஒரு பெண்ணின் சம்மதம் இல்லாமல் காரியம் நடக்காது என்று அந்தக் காலத்தில் எழுதியிருப்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, கொஞ்சம் நல்லது இருக்கிறது. அதற்காகக் கல் பூவாகிவிடாது. பெற்றவளின் சம்மதத்தோடு கொன்றாலும் அது கொலைதான்.

இனி ஆசிரியர் சொன்னதற்கு வருகிறேன். இப்படி ஒரு சட்டம் இருக்கிற புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள் என்கிறார் அவர். நான் அவரிடம் கேட்டது இதுதான்: அந்தப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் இந்தச் சட்டத்தை என்ன செய்தார்கள் என்று பார்த்தீர்களா? எதையும் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதைப் பார்ப்பதுதானே முறை?

பைபிளுக்குள்ளேயே தேடிப் பாருங்கள். ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனைக் கல்லெறிந்து கொன்றதாக எண்ணாகமம் சொல்கிறது. ஆனால் பெற்றோர் தங்கள் மகனை ஊர் வாசலுக்கு இழுத்துவந்து கொன்றதாக ஒரு சம்பவம்கூட இல்லை. அடங்காத பிள்ளைகளுக்கா பஞ்சம்? தாவீது ராஜாவின் மகன் அப்சலோமைவிட அடங்காத பிள்ளை உண்டா? அண்ணனைக் கொன்றான், தகப்பனுக்கு எதிராகப் படை திரட்டினான், தகப்பனை அரண்மனையை விட்டு ஓட வைத்தான். சட்டப்படி பார்த்தால் பத்துத் தடவை கல்லெறிய வேண்டும். தாவீது என்ன செய்தார்? யுத்தத்துக்குப் போகிற தளபதிகளைக் கூப்பிட்டு, பையன்மேல் கை வைத்துவிடாதீர்கள், பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று கெஞ்சினார். தளபதி யோவாப் கேட்கவில்லை. மரத்தில் மாட்டித் தொங்கியவனைக் குத்தினான். செய்தி வந்தபோது ஜெயித்த ராஜா மேல்வீட்டுக்கு ஏறிப்போய், மகனே மகனே என்று அழுதார். உனக்குப் பதில் நான் செத்திருக்கக் கூடாதா என்றார். அந்தக் காட்சியை எழுதிவைத்தவருக்கு உபாகமச் சட்டம் தெரியாமலா இருந்திருக்கும்?

அடுத்தது யூத ரபீக்கள். இவர்களைப் பற்றி நம் சபைகளில் அதிகம் பேசுவதில்லை. பரிசேயர் என்று திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுத்த மிஷ்னா என்ற நூலில், சன்ஹெத்ரின் என்ற பகுதியின் எட்டாம் அதிகாரத்தின் பெரும்பகுதி இந்த அடங்காத மகனைப் பற்றித்தான். ஒரு நல்ல வக்கீல் கேஸை உடைப்பதுபோல அவர்கள் இந்தச் சட்டத்தை உடைத்திருக்கிறார்கள். நான் அரசாங்க ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் விதிகளோடு மல்லுக்கட்டியவன். இவ்வளவு அழகாக ஒரு விதியை யாரும் முடக்கி நான் பார்த்ததில்லை.

மகன் என்று எழுதியிருக்கிறது. ஆகவே மகளுக்கு இது பொருந்தாது. ஆண்பிள்ளை என்றாலும் சின்னப் பையனுக்குப் பொருந்தாது. அவன் இன்னும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் இல்லை. தாடி முளைத்து வளர்ந்துவிட்டாலும் பொருந்தாது, அவன் ஆளாகிவிட்டான். இடைப்பட்ட காலம் மூன்று மாதம்தான் என்று பின்னால் வந்த தல்மூத் கணக்குப் போடுகிறது. அவன் இவ்வளவு எடை இறைச்சி தின்றிருக்க வேண்டும், இவ்வளவு அளவு திராட்சைமது குடித்திருக்க வேண்டும். அதுவும் தகப்பனிடம் திருடியதாக இருக்க வேண்டும். வெளியிடத்தில் வைத்துத் தின்றிருக்க வேண்டும். தகப்பன் முறையிடச் சம்மதித்துத் தாய் சம்மதிக்கவில்லை என்றால் கேஸ் இல்லை. பெற்றோரில் ஒருவர் கை ஊனமுற்றவராகவோ, நொண்டியாகவோ, ஊமையாகவோ, குருடாகவோ, செவிடாகவோ இருந்தாலும் கேஸ் இல்லை. ஏனென்றால் பிடித்துக்கொண்டு, அழைத்துப்போய், சொல்லி, காட்டி என்றெல்லாம் வசனத்தில் இருக்கிறதே! இதெல்லாம் தேறினாலும் முதல் தடவை மூன்று பேர் முன்னால் எச்சரித்துக் கசையடிதான். மறுபடியும் செய்தால்தான் இருபத்துமூன்று நீதிபதிகள் முன்னால் விசாரணை. இது போதாதென்று, தாயும் தகப்பனும் குரலிலும் தோற்றத்திலும் உயரத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று தல்மூத்தில் ஒரு ரபீ சேர்த்துவிட்டார். எந்த வீட்டில் ஐயா புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் பேசுகிறார்கள்?

கடைசியில் ஒரு கருத்தும் அங்கே பதிவாகியிருக்கிறது. இப்படி ஒரு மகன் இருந்ததும் இல்லை, இருக்கப் போவதும் இல்லை. பிறகு ஏன் எழுதியிருக்கிறது? படித்துப் பயன்பெற. நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பக்கத்தில் ரபீ யோனத்தான் என்பவர், நான் அப்படி ஒருவனைப் பார்த்திருக்கிறேன், அவன் கல்லறைமேல் உட்கார்ந்தும் இருக்கிறேன் என்று மறுத்திருக்கிறார். அவர் சொன்னதையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள்.

மரண தண்டனை பற்றி மொத்தமாகவே அவர்களுக்குள் விவாதம் நடந்தது. ஏழு வருஷத்துக்கு ஒருவரைக் கொன்ற நீதிமன்றத்தை நாசகார நீதிமன்றம் என்றார்கள். எழுபது வருஷத்துக்கு ஒருவரைக் கொன்றாலும் அப்படித்தான் என்றார் ஒருவர். நாங்கள் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஒருவரும் செத்திருக்க மாட்டார்கள் என்றார்கள் ரபீ தர்போனும் ரபீ அகிபாவும். அப்படி விட்டால் கொலைகாரர்கள்தான் பெருகுவார்கள் என்று எதிர்த்தார் ரபான் சிமியோன் பென் கமாலியேல். இன்றைக்கு நம் டீக்கடையில் தூக்குத் தண்டனை பற்றி நடக்கிற அதே வாக்குவாதம்!

இதைச் சொன்னபோது ஆசிரியர் விடவில்லை. "அண்ணாச்சி, அப்போ அவங்க கையில அதிகாரமே இல்லியே. ரோமாபுரிக்காரன் எல்லாத்தையும் புடுங்கிட்டான். கையில கல்லு இல்லாதவன் கருணை பேசுறது என்ன பெரிய விஷயம்?" என்றார். நல்ல கேள்வி. ஆனால் அதிகாரம் இல்லாதவர்கள் எல்லோரும் கருணை பேசுவதில்லையே. எங்கள் ராஜ்யம் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்கிறோம் என்று கறுவுகிறவர்களைத்தானே சரித்திரத்தில் அதிகம் பார்க்கிறோம்? இவர்கள் நாளைக்கே அதிகாரம் வந்தாலும் கல்லெடுக்க முடியாதபடி கதவைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அது பெரிய விஷயம்தான்.

இயேசுவிடம் வருவோம். பெற்றோரைச் சபிக்கிறவன் சாக வேண்டும் என்று யாத்திராகமத்தில் இன்னொரு சட்டம் உண்டு. இயேசு இந்தச் சட்டத்தை எடுத்துப் பேசுகிற ஓர் இடம் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வருகிறது. மத்தேயு பதினைந்திலும் உண்டு. யாரைப் பார்த்துப் பேசினார்? குடிகாரப் பிள்ளைகளைப் பார்த்து அல்ல. வயதான தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதை, இது கொர்பான், கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவிவிட்ட பக்திமான்களைப் பார்த்து! பெற்றோரைச் சபிப்பது என்றால் வாயால் திட்டுவது மட்டும் அல்ல, சோறு போடாமல் விடுவதும்தான் என்கிறார். அதாவது அந்தக் கடுமையான சட்டத்தின் உள்ளே ஒரு பருப்பு இருக்கிறது. வயதானவர்களைக் கைவிடக் கூடாது என்பது. அந்தப் பருப்பை எடுத்துக்கொண்டார். அதே வாயால் அந்தப் பக்திமான்கள்மேல் கல்லெறியுங்கள் என்று சொல்லவில்லை.

லூக்கா பதினைந்தில் வருகிற கெட்ட குமாரன் கதையை இந்த நான்கு வசனங்களுக்குப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். கத்தோலிக்கர்கள் ஊதாரி மைந்தன் என்பார்கள். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே பங்கைக் கேட்டு வாங்கி, தின்று குடித்து அழித்த பையன். உபாகமம் சொல்கிற ஆளேதான். அவன் ஊருக்குத் திரும்பி வருகிறான். தூரத்தில் வரும்போதே கிழவர் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். கதையில் அவன் ஊர் வாசலை எட்டவே இல்லை. மூப்பர்களும் இல்லை, கல்லும் இல்லை. சொன்ன இயேசுவையும், இவன் பெருந்தீனிக்காரன், குடிகாரன் என்றுதான் எதிரிகள் ஏசினார்கள். அந்த ஏச்சு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

இவ்வளவு தூரம் வந்தபின் ஆசிரியரிடம் நான் சொன்னது: இந்தப் புத்தகத்தை நேசித்தவர்களே இந்தச் சட்டத்தைக் கண்டு கூசியிருக்கிறார்கள். நீங்கள் இப்போது கேட்கிற கேள்வியை அவர்கள் ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

ஆனால் இதோடு நிம்மதியாக எழுந்து போய்விட முடியாது. வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போய் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை அமைத்த பியூரிட்டன்கள் 1646இல் இந்த வசனங்களை நாட்டுச் சட்டமாகவே எழுதினார்கள். பதினாறு வயதுக்கு மேற்பட்ட அடங்காத மகனுக்கு மரண தண்டனை. பெற்றோரை அடித்தாலும் சபித்தாலும் மரணம். பெற்றோர் பிள்ளையைச் சரியாக வளர்க்காமல் விட்டிருந்தாலோ, அளவு மீறிக் கொடுமை செய்திருந்தாலோ விலக்கு உண்டு என்றும் எழுதினார்கள். அந்தச் சட்டப்படி ஒரு பிள்ளையைக் கொன்றதாகப் பதிவு இல்லை. அதனால் பாதகமில்லை என்று நினைக்கலாம். ஆனால் அதே மாசசூசெட்ஸில், சூனியக்காரியை உயிரோடு விடக் கூடாது என்ற இன்னொரு வசனத்தையும் நம்பியிருந்தார்கள். 1692இல் சேலம் என்ற ஊரில் சூனியம் வைத்ததாகச் சொல்லிப் பதினான்கு பெண்களையும் ஐந்து ஆண்களையும் தூக்கில் போட்டார்கள். வாய்திறந்து வாக்குமூலம் கொடுக்க மறுத்த ஒரு கிழவரைப் பாறாங்கற்களை மேலே ஏற்றி நசுக்கினார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1697இல், தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவரான சாமுவேல் சூவல் என்ற நீதிபதி, பாஸ்டன் கோவிலில் சபைக்கு முன்னால் எழுந்து நின்றார். அவர் எழுதிக்கொடுத்த மன்னிப்பை ஐயர் வாசித்தார். நின்றுகொண்டே கேட்டார். நல்ல மனிதர். ஆனால் தூக்கில் தொங்கியவர்கள் தொங்கினதுதான்.

தூங்குகிற வசனம் எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கும் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் ரஷ்டூனி என்ற ஒரு போதகர் 1973இல் பெரிய புத்தகமே எழுதினார். மோசேயின் சட்டத்துத் தண்டனைகள் இன்றைக்கும் செல்லும் என்று. ஏதோ ஒரு மூலையில் யாராவது தூசி தட்டி எடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் உபதேசியார் சொல்வதுபோல, அது நமக்கில்லை என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவது ஆபத்து என்கிறேன். நமக்கில்லை என்பது வேறு, அது தப்பு என்பது வேறு. முதலாவது, அந்தக் காலத்தில் அந்தப் பிள்ளையைக் கொன்றது சரிதான் என்ற எண்ணத்தை மனதில் ஓர் ஓரத்தில் விட்டுவைக்கிறது.

அந்த ஓரத்தில் என்ன முளைக்கிறது என்று நம் ஊரில் பார்க்கிறோம். சொல்லைக் கேட்காமல் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்ட மகளை, மருமகனை, பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களுமே கொல்கிறார்கள். செய்தித்தாளில் ஆணவக் கொலை என்று போடுகிறார்கள். இதற்கு மத பேதம் கிடையாது. ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் சாதி நம்மை விட்டுப் போகவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் வயதுக்கு வந்தவர்கள், மனம் ஒத்துக் கல்யாணம் செய்தால், அதைத் தடுக்கப் பஞ்சாயத்துக் கூடுவதே சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு கொலை நடந்தால் நம் வயதுக்காரர்கள் என்ன பேசுகிறோம்? "கொன்னது தப்புதான், ஆனா பெத்தவன் வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்" என்கிறோம். அந்த "ஆனா" இருக்கிறதே, அதுதான் அந்தப் பழைய கல். பெற்றவன் சொல்லைக் கேட்காத பிள்ளையின் உயிர் பெற்றவனுக்குச் சொந்தம் என்கிற எண்ணம். உபாகமச் சட்டமாவது ஊர் வாசல் வரைக்கும் போகச் சொன்னது. இவர்கள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டுவதில்லை.

இப்போது எங்களோடு வாசிக்கிற அந்த நண்பர் சிரித்துக்கொண்டே சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சிரிப்புக்குள் ஒரு வலி இருந்தது. பிள்ளை கவனிக்கவில்லை என்ற வலி நிஜம். அதற்கு என்ன வழி?

நான் வேலையில் இருந்த கடைசி வருஷங்களில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. அதன்படி பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடலாம். முதலில் சமரசத்துக்கு அனுப்பலாம். உத்தரவுப்படி கொடுக்காவிட்டால் ஒரு மாதம் வரை சிறை. பெற்றோரை அடியோடு கைவிட்டுவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யவும் வழி உண்டு. அந்த மனுக்களின் ஃபைல்கள் என் மேஜை வழியாகத்தான் போகும்.

ஒரு அம்மாவின் மனு நினைவிருக்கிறது. கணவர் இல்லை. ஒரே மகன், குடி. வீட்டை எழுதி வாங்கிவிட்டுச் சோறு போடவில்லை. விசாரணைக்கு மகனும் வந்திருந்தான், தலையைக் குனிந்துகொண்டு. உத்தரவுப்படி கொடுக்காவிட்டால் இவன் உள்ளே போக வேண்டிவரும் அம்மா என்று அதிகாரி விளக்கினார். அந்த அம்மா பதறிப்போய், "ஐயா, ஜெயிலுக்கெல்லாம் வேண்டாம்யா. மாசம் எனக்கு அரிசிக்கும் மாத்திரைக்கும் குடுக்கச் சொல்லுங்க, போதும்" என்றார். அதன்படி உத்தரவானது. போகும்போது மகனைப் பார்த்து, "காலைல சாப்பிட்டியாடா?" என்று கேட்டார்.

அந்த ஃபைல்களில் நான் பார்த்த அம்மாக்களில் ஒருத்தியும் மகனுக்குத் தண்டனை கேட்டு வரவில்லை. சோறும் மரியாதையும் கேட்டுத்தான் வந்தார்கள். தாயும் சம்மதிக்க வேண்டும் என்று உபாகமத்தில் எழுதினவருக்கு இது தெரிந்திருக்குமோ என்று நினைத்துக்கொள்வேன். தாய் சம்மதிக்க மாட்டாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான். சாட்சி எதுவும் இல்லை.

வேத வசனத்தைத் தப்பு என்று சொல்ல நீ யார் என்று சிலர் கேட்பார்கள். எங்கள் கூட்டத்திலும் ஒருவர் கேட்டார். ஆபிரகாம் யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். சோதோம் பட்டணத்தை அழிக்கப் போகிறேன் என்று கடவுள் சொன்னபோது ஆபிரகாம் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. உலகத்துக்கே நீதிபதியான நீர் நியாயம் செய்ய வேண்டாமா என்று கேட்டார். ஐம்பது நல்லவர்கள் இருந்தால் என்று ஆரம்பித்துப் பத்துப் பேர் வரைக்கும் பேரம் பேசினார். கடவுள் கோபித்துக்கொள்ளவில்லை. விசுவாசிகளின் தகப்பன் என்று நாம் கொண்டாடுகிறவரே அவர்தான். கடவுளிடமே நியாயம் கேட்கலாம் என்றால், ஒரு சட்டத்தைப் பார்த்துக் கேட்கக் கூடாதா?

ஆகவே என் கருத்து இது. அந்த நான்கு வசனங்களைக் கிழிக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். சபையில் சத்தமாக வாசிக்கட்டும். வாசித்துவிட்டு, பிள்ளையைக் கொல்வது தப்பு, அன்றைக்கும் தப்புதான், இன்றைக்கும் தப்புதான் என்று பீடத்தில் நிற்கிறவர் சொல்லட்டும். தாவீது அழுததையும், ரபீக்கள் கதவைப் பூட்டியதையும், கிழவர் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லட்டும். கேட்டுக்கொண்டிருக்கிற தகப்பன்மார் நடுவில், மகள் வேறு சாதியில் கல்யாணம் செய்ததால் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிற ஒருவர் இருக்கலாம். அவர் காதில் விழ வேண்டியது, அது நமக்கில்லை என்கிற மழுப்பல் இல்லை.

பெற்றோருக்குச் சேர வேண்டியதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். கவனிக்காத பிள்ளைமேல் மனு கொடுப்பது பாவமும் இல்லை, அவமானமும் இல்லை. தாலுகா ஆபீசில் கேட்டால் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வழி சொல்வார்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். யாருக்காவது எழுதத் தெரியவில்லை என்றால் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.